கோட்டுக்கு மேல் மூன்று புள்ளிகள்

வளர்மதிக்கும் சேகருக்கும் அப்பா எழுதுவது.

நான் ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. இந்தப் பத்து நாளில் சேகர் தன் வகுப்பில் நான் சந்திரனுக்குப் போய்வந்ததாகச் சொல்லிவிட்டான். நேற்று அவனுடைய வாத்தியாரே காந்தி ரோட்டில் என்னை நிறுத்தி, "அங்க மண்ணு எப்படி சார் இருக்குது? ஒரு பிடி எடுத்துக்கினு வந்திருக்கலாமே?" என்று கேட்டார். நான் போனது சந்திரனுக்கு அல்ல, சுவிட்சர்லாந்தில் இருக்கும் ஜெனீவா என்கிற ஊருக்கு. இனிமேல் யார் கேட்டாலும் இந்த நோட்டைக் காட்டுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். விஞ்ஞானத்தில் தவறு இருந்தால் ஏகாம்பரம் மாமாவைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். மற்றத் தவறுகள் என்னுடையவை. அவற்றில் ஒன்று கொஞ்சம் பெரியது.

ஏகாம்பரம் மாமா வாலாஜாபாத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். நான் காஞ்சிபுரம் வந்து, சேலைக்குக் கட்டம்போட்ட தாளில் டிசைன் வரையவும், தறிக்கு மேலே ஏற்றுகிற அட்டைகளில் அந்த டிசைன்படி துளை போடவும் கற்றுக்கொண்டேன். அவன் மேலே மேலே படித்துச் சென்னையில் பேராசிரியர் ஆனான். நாலு பேர் முன்னால் அவனை "சார்" என்பேன். தனியாக இருந்தால் "டேய் ஏகா" என்பேன்.

அவன் வேலை என்னவென்று கேட்பீர்கள். கோயிலில் சிதறு தேங்காய் உடைப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். தரையில் கிடக்கும் சில்லுகளை மட்டும் பார்த்து, தேங்காய் எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகத்தில் வந்து விழுந்தது என்று ஒருவன் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் அவன் வேலை. வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் விழுந்துகொண்டே இருக்கின்றனவாம். அவை காற்றில் மோதிச் சிதறுகின்றன. அந்தச் சில்லுகளைப் பிடிக்க, ஒரு மலை உச்சியில் ஈயத் தகடுகளை அடுக்கி, நடுநடுவே பிலிம் வைத்து, ஒன்பது வருடம் காத்திருந்தான். ஈயம் திருட்டுப் போகாமல் இருக்க இரண்டு நாய் வேறு வளர்த்தான்.

ஜெனீவாக்காரர்கள் வழி வேறு. இயந்திரம் வைத்து அவர்களே தேங்காய் உடைக்கிறார்கள். வேண்டிய அளவு, ஒரே இடத்தில், அளந்த வேகத்தில். வானத்தில் வருவதோ எப்போதாவது ஒன்று. ஆனால் அது எந்த இயந்திரமும் எட்டாத வேகத்தில் வரும். இயந்திரம் சொல்வது துல்லியம், ஆனால் கிட்டத்தில் நின்றுவிடும். வானம் சொல்வது வெகுதூரம் போகும், ஆனால் கொஞ்சம் மங்கல். இரண்டையும் ஒரே படத்தில் சேர்த்துப் பார்த்தால்தான் மோதல் எப்படி நடக்கிறது என்ற கணக்கு நேர்படும். அப்படிச் சேர்த்துப் பார்க்கத்தான் ஜெனீவாவில் கூட்டம் போட்டிருந்தார்கள். ஏகாம்பரத்துக்கு அது வாழ்வா சாவா என்ற கூட்டம். அங்கே அவன் சொல்வதை ஏற்றுக்கொள்ளாவிட்டால் மலையை மூடிவிட்டு ஈயத்தைத் திருப்பிக் கொடு என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

இதில் பட்டு எங்கே வந்தது? முன்பு ஒரு கூட்டத்தில் அவன் கரும்பலகையில் கஷ்டப்பட்டுப் போட்ட படத்தை, டீ நேரத்தில் யாரோ துடைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுப் பட்டியலை எழுதிவிட்டார்களாம். திரும்பி வந்தவர்கள் அவன் பேச்சை மறந்து முட்டைக்கோஸ் சூப்பைப் பற்றிப் பேசினார்களாம். அந்த ஆத்திரத்தில் நேரே நம் வீட்டுக்கு வந்தான்.

"குப்பு, இந்தப் படத்த பட்டுல நெய்ஞ்சி குடுடா. எவன் அழிக்கிறான்னு பாக்கலாம்."

இரண்டு கஜம் துணி. அரக்கு நிறம். நடுவில் நீளவாக்கில் ஒரு ஜரிகைக் கோடு. அதன் மேல் இடது பக்கம் இயந்திரக்காரர்களின் புள்ளிகள் வெள்ளி ஜரிகையில், வலது கோடியில் வானத்துப் புள்ளிகள் மூன்று தங்க ஜரிகையில். ஒவ்வொரு புள்ளியும், நிற்கிற கம்பத்தில் கோத்ததுபோல் ஒரு ருத்திராட்ச வடிவம். நான் டிசைன் போட்டு அட்டை அடித்துக் கொடுத்தேன். கிளம்புகிற அன்று காலையில்தான் துணி தறியை விட்டு இறங்கியது. ஏகாம்பரம் பார்டரை நாலு விரல் அகலம் பிரித்துப் பார்த்தான், கண்ணில் ஒற்றிக்கொண்டான். "உன் கை மேல எனக்கு நம்பிக்கை இருக்குதுடா" என்று சொல்லி மூங்கிலில் சுருட்டச் சொல்லிவிட்டான்.

நான் ஏன் கூடப் போனேன் என்றால், அவனோடு வரவேண்டிய உதவியாளருக்குப் பாஸ்போர்ட் வரவில்லை. என்னிடம் ஒன்று சும்மா கிடந்தது. முன்பு ஏதோ வெளிநாட்டு நெசவுக் கண்காட்சிக்கு என்று எடுத்தது, கண்காட்சி நடக்கவே இல்லை. ஆகவே ஜெனீவாவுக்குப் போன கடிதத்தில் என் உத்தியோகம் 'துணி தொங்கவிடும் நிபுணர்' என்று இருந்தது.

விமானத்தில் அந்தச் சுருளை என் பழைய வேட்டியில் சுற்றி எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கவைத்திருந்தோம். உணவு கொண்டுவந்த பெண் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரகசியக் குரலில் ஏதோ கேட்டாள்.

"இன்னாவாம்?" என்றேன்.

"உள்ள இருக்கிறவரு உயிரோட இருக்காரான்னு கேக்குது."

"நீ என்னா சொன்ன?"

"தூங்குறாருன்னு சொன்னேன்" என்றான் ஏகாம்பரம். அதற்குப் பிறகு அவள் எங்கள் பக்கம் மெதுவாகவே நடந்தாள்.

முதல் நாள் சுங்கச் சோதனையில் எங்களை நிறுத்தியது துணி அல்ல, உங்கள் அம்மா கட்டிக்கொடுத்த கோயில் இட்லி. மந்தாரை இலையில் சுற்றி, முழங்கை நீளத்தில், கெட்டியாக, இரண்டு. அதிகாரி ஒன்றை மேஜைமேல் நிற்கவைத்தார். பிறகு இரண்டடி பின்னால் போனார். இன்னொருவர் வந்து அதன்மேல் காது வைத்துக் கேட்டார். மூன்றாமவர் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். ஏகாம்பரம் இங்கிலீஷில் நீளமாக விளக்கினான். கடைசியில் அவர்கள் சொன்ன தீர்ப்பு: "சாப்பாடு என்றால் நீங்களே சாப்பிட்டுக் காட்டுங்கள்."

காலை ஏழு மணி. ஐந்து அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நிற்க, நானும் பேராசிரியரும் ஆளுக்கு ஒன்றாக, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல், இரண்டையும் தின்று முடித்தோம். நடுவில் ஒருவர் துணிந்து ஒரு விள்ளல் கேட்டார். மிளகும் சுக்கும் மூக்கில் ஏறி அவர் தும்மிய தும்மலில் மற்ற நாலு பேரும் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. ஏகாம்பரத்தின் பெட்டி வரவில்லை. அதில்தான் அவன் கூட்டத்தில் காட்டவேண்டிய பிலிம் துண்டுகள், எனக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்ட மூலப்படம், கணக்குத் தாள்கள், இருக்கிற ஒரே ஸ்வெட்டர் எல்லாம் இருந்தன. விமானக் கம்பெனிக்காரர், பெட்டி பிரேசில் தேசம் போயிருப்பதாகவும் அங்கே நல்ல வெயில் என்றும் ஆறுதல் சொன்னார்.

நான் பதறினேன். அவன் பதறவில்லை. மூங்கில் சுருளைத் தட்டிக்கொடுத்தான். "விட்றா. துணி இருக்குதே. எனக்கு அது போதும்."

இரண்டாம் நாள் சுருளை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பஸ் ஏறினோம். நம் ஊரில் பஸ் என்றால் கதவே கிடையாது, நின்றபின்தான் ஏறவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அங்கே கதவு தானாக மூடிக்கொள்கிறது. ஏகாம்பரமும் சுருளின் முன்பாதியும் உள்ளே, சுருளின் பின்பாதியும் நானும் வெளியே. பஸ் நகர்ந்துவிட்டது. சுருளை விட்டால் துணி போகும். ஆகவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளக்கூட நேரமில்லாமல், மூங்கிலைப் பிடித்தபடி கூடவே ஓடினேன். ஜன்னலோரம் இருந்த கிழவி ஒருத்தி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி ஏதோ சொன்னாள். அடுத்த நிறுத்தத்தில் உள்ளே ஏறியதும் ஏகாம்பரத்தைக் கேட்டேன்.

"டிக்கெட் வாங்கியும் ஓடி வர்றவர இப்பதான் பாக்குறேன், ரொம்ப நேர்மையான மனுசன்னு சொல்லுது."

ஆராய்ச்சிக்கூடத்தில் எங்களை வரவேற்றவள் மரியா என்கிற இத்தாலி தேசத்துப் பெண். முப்பது வயது இருக்கும். விஞ்ஞானி. பேசும்போது அவள் கைகளும் பேசும். இயந்திரக்காரர்களின் அளவுகளை எடுப்பது அவள்தான். கூட்டத்து ஏற்பாடுகளும் அவள் பொறுப்பு. சுருளை இரண்டு கையாலும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "கூட்டத்தன்று காலையில் எங்கள் ஆட்கள் தொங்கவிட்டுவிடுவார்கள். எங்கள் விதிப்படி வெளியாட்கள் ஏணியில் ஏறக்கூடாது" என்றாள்.

அத்தோடு துணி தொங்கவிடும் நிபுணருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மத்தியானம் ஊரைச் சுற்றினேன். தெரு அவ்வளவு சுத்தம். ஒரு காகிதத் துண்டு கையில் இருந்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் சுமந்தேன். நாய்கள் கோட்டு போட்டிருந்தன. ஏகாம்பரம் போட்டிருக்கவில்லை, பாவம், நடுங்கிக்கொண்டு வந்தான். ஒரு கடைக் கண்ணாடியில் பட்டுத் துணி பார்த்தேன். உள்ளே போய் விரலால் தடவினேன். பட்டு இல்லை. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே, "இல்லை" என்று அவரும் தலையாட்டினார். அந்த ஊரில் எனக்கு முழுசாகப் புரிந்த பேச்சு அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் மரியா எங்களை இயந்திரத்தைப் பார்க்க அழைத்துப் போனாள். மண்ணுக்குள் பெரிய வட்டச் சுரங்கம். அதில் இரண்டு குழாய்கள். புரோட்டான் என்கிற துகள்கள் ஒரு குழாயில் வலமாகவும் மற்றதில் இடமாகவும் சுற்றுகின்றன. நம் ராஜ வீதிகளில் ஒரு தேரை வலமாகவும் ஒரு தேரை இடமாகவும் இழுத்து, மூலைக்கு மூலை வேண்டுமென்றே முட்டவிட்டால் எப்படியோ அப்படி. அப்படி முட்டுவதைப் பார்க்கத்தான் இத்தனை பேர் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

மரியா என்னை விட்டுவிடவில்லை. துணி நெய்தவர்கள் தரப்பு ஆள் என்பதால் எல்லாம் எனக்கு விளங்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவள் சொல்லச் சொல்ல ஏகாம்பரம் தமிழில் சொன்னான்.

"காந்தி ரோட்டுல கூட்டத்துல மெதுவா நடக்குறவன் கைய ஒடுக்கிக்கினு போறான் இல்ல? ஓடறவன் முழங்கைய விரிச்சிக்கினு ஓடறான். அவன்மேல இடிக்காம தப்பிக்கிறது கஷ்டம். துகளும் வேகமா வரவர அப்படிப் பெருசா ஆவுதா, இல்ல அதே அளவுலயே இருக்குதா? இதான் சண்டை. துணியில வலப்பக்கம் போகப்போக வேகம் ஜாஸ்தி, மேல ஏற ஏற அளவு பெருசு. நடுவுல நீ ஒரு ஜரிகைக் கோடு வச்சியே, அது பழைய கட்சி. எவ்ளோ வேகம் போனாலும் அளவு மாறாதுன்னு சொல்ற கட்சி."

"இந்தம்மா கட்சி எது?"

"அவங்களுக்கு இன்னும் கட்சி இல்ல. அவங்க மிஷின் எட்டுற வரைக்கும் புள்ளி எல்லாம் கோட்டு மேலயேதான் உக்காந்திருக்குது."

அப்போது மரியா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். ஏகாம்பரம் வெட்கப்பட்டுக்கொண்டே அதைச் சொன்னான்: "உலகத்துல இருக்கிற அத்தன படத்துலயும், கோட்ட விட்டு மேல ஏறி நிக்கிற புள்ளி மூணே மூணு. அது உங்க ஃபிரண்டோடது. அளவு எல்லாம் இன்னும் நாங்க பாக்கல, அவரு கடுதாசியில எழுதினதுதான். அந்த மூணுக்காகத்தான் அவர இவ்ளோ தூரம் கூப்பிட்டோம்னு சொல்றாங்க."

கண்ணுங்களா, அங்கே சுரங்கத்துக்குள் குளிர். எனக்கு வேர்த்துவிட்டது.

அந்த மூன்று புள்ளிகளையும் நான் கோட்டுக்கு இறக்கிவிட்டிருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாக நான் டிசைன் போடுகிறேன். வரிசையாகப் புள்ளி வரும்போது கடைசியில் மூன்று மட்டும் வரிசையை விட்டு விலகி நின்றால், கடையில் சேலையைப் பிரித்ததும் வாங்குகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். "என்னாபா, புள்ளி ஓடிப் போயிருக்குது?" என்று திருப்பிவிடுவார்கள். அதனால் டிசைனில் ஓடின புள்ளி கண்ணில் பட்டால் கை தானாக அதை வரிசைக்குக் கொண்டுவந்துவிடும். ஏகாம்பரம் கொடுத்த படத்தில் வலது கோடி மூன்று புள்ளிகள் முறையே இரண்டு கட்டம், நாலு கட்டம், ஏழு கட்டம் மேலே ஏறி இருந்தன. பாவம், மலையில் குளிரில் உட்கார்ந்து போட்டிருக்கிறான், கை நடுங்கியிருக்கிறது என்று நினைத்தேன். சரிசெய்து கொடுத்தேன். அவனுக்கு வெட்கமாக இருக்குமே என்று அவனிடம் சொல்லவும் இல்லை.

சாயங்காலம் மரியா எங்களை ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்காரவைத்து, எங்களுக்கு உணவு கொண்டுவரச் சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். மேஜை நடுவில் அடுப்போடு ஒரு சட்டி வந்தது. உள்ளே பாலாடைக்கட்டியை உருக்கி வைத்திருந்தார்கள். தறியில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி கொதிக்கும்போது எப்படி இழுபடுமோ அப்படி இழுபட்டது. வாசனை கஞ்சியைவிட ஒரு படி மேலே. நீளமான முள்கரண்டியில் ரொட்டியைக் குத்தி அதில் முக்கி எடுக்கவேண்டும். ரொட்டி சட்டிக்குள் விழுந்துவிட்டால் குற்றம் என்று மரியா எச்சரித்திருந்தாள்.

நான் அவனிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும்.

அவன் ரொட்டி சட்டிக்குள் விழுந்தது. அவன் அதைத் தேடவில்லை.

"எத்தினி கட்டம் எறக்கின?"

"ரெண்டு. நாலு. ஏழு."

"ஒம்போது வருசம்டா" என்றான். பிறகு முள்கரண்டியை வைத்துவிட்டு ஸ்பூனை எடுத்து, அந்தச் சட்டி முழுவதையும், ரொட்டி இல்லாமல், பாயசம் சாப்பிடுவதுபோல் சாப்பிட்டு முடித்தான். கடைக்காரர் சமையல்காரரை அழைத்து வந்து காட்டினார். அவர்கள் இருவரும் மரியாதையாக நின்று பார்த்தார்கள்.

வெளியே வந்ததும்தான் பேசினான். "நாளைக்குக் காலையில முதல் ஆளா போயி அந்தத் துணிய அலமாரிலயே இருக்கவிடுங்கன்னு சொல்லிடறேன். வெறும் வாயால பேசிக்கிறேன்."

"ஏகா, என்னத் திட்டிடுடா."

"திட்டினா புள்ளி மேல ஏறுமா?"

நாலாம் நாள் காலையில் முதல் ஆளாகப் போனோம். சுவிட்சர்லாந்தில் முதல் ஆளாகப் போவது நடக்காத காரியம். ஏணி ஆட்கள் எங்களுக்கு முன்பே வந்து, மேடைக்குப் பின்னால் சுவர் நடுவில் துணியைத் தொங்கவிட்டுவிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், துணி கண்ணைப் பறித்தது. அரக்கில் தங்கக் கோடு இழுத்துவிட்டாற்போல் நேராக ஓடியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை புள்ளிகள் ஒன்றுகூடப் பிசகாமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தன. அறுபது எழுபது விஞ்ஞானிகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஏகாம்பரம் வாய் திறக்கும் முன்னால் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். வெள்ளைத் தாடி, வாயில் பைப். பழைய கட்சிக்கு அவர்தான் தலைவர். மிக மென்மையான குரலில், ஸ்லோகம் சொல்வதுபோல் பேசினார். ஏகாம்பரம் எனக்கு மொழிபெயர்த்த தமிழ் வேறு மாதிரி இருந்தது.

"ஒம்போது வருசம் மலையில உக்காந்து, கடைசில நான் சொன்னதையே தங்கத்துல எழுதிக்கினு வந்துட்டியேப்பா, ரொம்ப சந்தோசம்னு சொல்றான் பெருசு."

எல்லோரும் கை தட்டினார்கள். மரியா மட்டும் தட்டவில்லை. அவள் துணியையும் ஏகாம்பரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏகாம்பரத்தின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிட்டது. அவன் மேடை ஏறினான். துணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அப்போது நானும் மேடை ஏறிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

"சார், நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. அழகு பண்ணாதீங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டுத் தமிழில் ஆரம்பித்தேன். டிசைன் போட்டது நான். புள்ளி கோட்டைவிட்டு மேலே இருந்தது. வரிசை கெடுகிறது என்று நான் இறக்கினேன். சார் இறக்கச் சொல்லவில்லை. சாருக்கு நேற்று வரைக்கும் தெரியாது. வாங்குகிறவர்கள் திருப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் கை அப்படிப் பழகிவிட்டது. ஏகாம்பரம் வரிக்கு வரி இங்கிலீஷில் சொன்னான்.

கடைசி வரிசையில் ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை, இதில் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை என்பதுபோல் தன் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர் அதுபோலவே நோட்டை மூடினார்கள்.

பைப் பெரியவர் ஏதோ கேட்டார்.

"ஏம்பா, மேல இருந்துச்சின்னு நீ சொன்னா போதுமா, அதுக்கு என்னா சாட்சின்னு கேக்குறாரு" என்றான் ஏகாம்பரம். இப்போது 'கேக்குறாரு' என்று மரியாதை வந்திருந்தது. ஏனென்றால் அது நியாயமான கேள்வி. மூலப்படம் பிரேசிலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

நான் திரும்பித் துணியைப் பார்த்தேன். சாட்சி அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

அந்தப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவே மேலும் கீழுமாக ஒரு கோடு உண்டு. "இந்த அளவு இவ்வளவு மேலேயோ இவ்வளவு கீழேயோ தவறி இருக்கலாம்" என்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்வதற்கு அந்தக் கோடு. இது எனக்குப் பிறகு தெரிந்தது. இயந்திரப் புள்ளிக்கு அது தினை அளவு. வானத்துப் புள்ளிக்கு முழ நீளம். டிசைன் போடும்போது நான் அதைக் கம்பம் என்று நினைத்துவிட்டேன். ருத்திராட்சத்தை மட்டும்தான் கீழே இறக்கினேன். கம்பத்தைத் தொடவில்லை. கொடிமரத்தின் அடியில் பலிபீடம் இருப்பதுபோல் பார்க்க லட்சணமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

"சார், புள்ளி எப்பவும் கம்பத்துக்கு நட்டநடுவுலதான இருக்கணும்?" என்று கேட்டேன்.

ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். துணியைப் பார்த்தான். "டேய் குப்பு!" என்றான், எழுபது பேர் முன்னால். பிறகு ஓடிப்போய்த் துணியைச் சுவரிலிருந்து பிடுங்கினான். ஏணி விதி, வெளியாள் விதி எல்லாம் பறந்தது.

அதன்பிறகு நடந்ததை நீங்கள் நம்பமாட்டீர்கள். துணியைத் தரையில் விரித்தோம். உலகத்திலேயே பெரிய படிப்புப் படித்தவர்கள் அதைச் சுற்றி மண்டியிட்டார்கள். பிலிமில் சில்லுகளைத் தேடுகிற பூதக்கண்ணாடியை ஒருவர் கொண்டுவந்தார். கம்பத்தின் மேல் நுனி எந்தக் கட்டம், கீழ் நுனி எந்தக் கட்டம், இரண்டுக்கும் நடு எது என்று இழை இழையாக எண்ணினார்கள். பிரெஞ்சில் ஒருவர் எண்ணினார், ஜெர்மனில் ஒருவர் எண்ணினார், நடுவில் நான் தமிழில் எண்ணினேன். ஒருவர் காலணியோடு ஜரிகைமேல் கால் வைக்க, ஏகாம்பரம் அவர் கணுக்காலில் ஓங்கி ஒரு அடி வைத்தான். அவர் மன்னிப்புக் கேட்டுக் காலணியைக் கழற்றினார். அதைப் பார்த்து எல்லோரும் கழற்றினார்கள். வாசலில் கோயில்போல் காலணிகள் குவிந்தன.

முதல் கம்பத்தின் நடு, கோட்டுக்கு இரண்டு கட்டம் மேலே. இரண்டாவது நாலு. மூன்றாவதைப் பைப் பெரியவரே எண்ணினார். பைப்பைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மூக்கு துணியில் படக் குனிந்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணினார். நிமிர்ந்து ஏழு விரலைக் காட்டினார்.

ஆனாலும் அவர் லேசில் விடவில்லை. கம்பம் இவ்வளவு நீளம் இருக்கும்போது புள்ளி கோட்டிலும் இருக்கலாம், மேலேயும் இருக்கலாம் அல்லவா, வானத்தை மட்டும் நம்பி எப்படிக் கோட்டை வளைப்பது என்றார். அதுவும் நியாயம்தான் என்று பிறகு ஏகாம்பரம் என்னிடம் ஒப்புக்கொண்டான்.

அப்போது மரியா தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். இயந்திரத்தை அதன் முழு வேகத்தில் ஓட்டி எடுத்த புது அளவு. இன்னும் யாருக்கும் காட்டவில்லையாம். மத்தியானம் அவள் பேசும்போது சொல்ல வைத்திருந்தது. அதையும் இந்தத் துணியிலேயே குறித்துவிடலாம் என்றாள்.

"குறிக்கலாம். ஆனா இவரு கையால வேணாம்னு பெரியவரு சொல்றாரு" என்றான் ஏகாம்பரம். கூடம் முழுக்கச் சிரித்தது.

"அவர் சொல்றது சரிதான்" என்றேன். "ஆனா கட்டம் எனக்குத்தான் தெரியும். என் கண்ணக் கட்டிடுங்க."

மரியா அளவைச் சொன்னாள். அடிப் பார்டரிலிருந்து அதற்கு எத்தனை கட்டம் உயரம் என்று கணக்குப் பார்த்து, பெரியவர் கண் முன்னாலேயே அந்த உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டினேன். இடம் எது என்று பார்டரில் ஏகாம்பரம் சாக்பீஸால் குறித்தான். பிறகு என் துண்டை எடுத்துப் பைப் பெரியவரே என் கண்ணை இறுக்கிக் கட்டினார். உறியடிக்குப் போகிறவன்போல் மண்டியிட்டேன். பட்டையின் அடியைப் பார்டர் விளிம்பில் வைத்து, நுனியைத் தடவிப் பார்த்து, மரியா கொடுத்த குண்டூசியை அங்கே குத்தினேன். கோடு எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியாது. சுற்றிலும் எழுபது பேர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

துண்டை அவிழ்த்தேன்.

ஊசி கோட்டுக்கு ஒரு கட்டம் மேலே நின்றது. இடது பக்கம் கோட்டோடு வந்த வெள்ளிப் புள்ளிகள் அங்கேதான் முதல் முறையாக அதை விட்டு எழும்பின. வலது பக்கம் மூன்று கம்பங்களின் நடுவை நோக்கி அந்த வரிசை போய்க்கொண்டிருந்தது. வானம் மங்கலாகச் சொன்னதை இயந்திரமும் சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்துவிட்டான். பெரியவர் பைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, பற்றவைக்க மறந்து, அந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வரிசை கெட்டிருந்தது. என் இரண்டு கையும் அந்த ஊசியை ஒரு கட்டம் கீழே இழுத்து வைக்கப் பரபரத்தன. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.